ஐந்து டாலருக்கு ஒரு சின்னம்!

அமெரிக்காவில் ஒருவர் காப்பிக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு ஒரு சின்னம் வேண்டும்.

முன்பு என்றால், ஊரில் உள்ள ஓவியரைத் தேடிப் போவார். இப்போது போகமாட்டார். செல்போனை எடுப்பார். "காப்பிக் கடைக்குச் சின்னம் தேவை" என்று நாலு வரி எழுதுவார். பணம் கட்டுவார். படுத்துத் தூங்கிவிடுவார்.

அவருக்கு இரவு. நமக்குப் பகல்!

அவர் தூங்கும் நேரத்தில், நம் நாட்டிலோ பாகிஸ்தானிலோ இந்தோனேசியாவிலோ ஒரு வாலிபர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் போடுவார். அமெரிக்கர் கண் விழித்துப் பார்த்தால், சின்னம் தயார்!

இதுதான் "ஆன்லைன் லோகோ" தொழில். லோகோ என்றால் வியாபாரச் சின்னம். கடைக்காரர்கள் "மார்க்" என்று சொல்வார்களே, அதுதான். வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுப் பணம் சம்பாதிக்கலாம் என்று எத்தனையோ இளைஞர்களும் பெண்களும் இந்தத் தொழிலில் இறங்கினார்கள்.

இப்போது அந்தத் தொழில் ஆட்டம் கண்டிருக்கிறது.

இந்த வேலைகளை வாங்கிக் கொடுக்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்று "பைவர்". இஸ்ரேல் நாட்டில் பிறந்த கம்பெனி அது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் ஊழியர்களில் சுமார் 250 பேரை வேலையில் இருந்து நீக்கப் போவதாகச் சொன்னது. அதாவது, நூற்றுக்கு முப்பது பேர்! இனிமேல் "ஏ.ஐ." என்னும் செயற்கை அறிவை வைத்தே வேலை நடக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

நீக்கப்பட்டவர்கள் கம்பெனியின் சம்பள ஆட்கள். அங்கே கடை விரித்துப் படம் போட்டு விற்கிறவர்கள் வேறு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால், கம்பெனி ஆட்களுக்கே இந்த நிலைமை என்றால் நம் கதி என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே?

சின்னம் எதற்கு?

சின்னம் என்பது படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற எழுத்து.

இந்தியாவில் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. அப்போது நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்றவர்கள் எப்படி ஓட்டுப் போடுவது? கட்சிகளுக்குச் சின்னம் கொடுத்தார்கள். பெயரைப் படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்.

வியாபாரத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தில் வியாபாரச் சின்னங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1876-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. முதல் நம்பர் எதற்குக் கிடைத்தது தெரியுமா? ஒரு சிவப்பு முக்கோணத்துக்கு! "பாஸ்" என்ற பீர் கம்பெனியின் சின்னம் அது. முக்கோணம் போடுவதற்கு என்ன பெரிய திறமை வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஆனால், அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் இது இன்னார் சரக்கு என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. அந்த அடையாளத்துக்குத்தான் மதிப்பு.

படம் வேறு, அடையாளம் வேறு. படத்தைப் போட ஒரு மணி நேரம் போதும். அடையாளம் ஆக ஆண்டுக்கணக்கு ஆகும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதில்தான் விலை பற்றிய தகராறே தொடங்குகிறது.

35 டாலர் சம்பளம்!

செருப்பு, சப்பாத்து விற்கும் "நைக்கி" கம்பெனியை எல்லோருக்கும் தெரியும். "சரி" என்று டிக் அடித்ததுபோல் ஒரு சின்னம் இருக்கும்.

அதைப் போட்டவர் கரோலின் டேவிட்சன் என்ற பெண். 1971-ம் ஆண்டு. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரில் அவர் கல்லூரி மாணவி. கம்பெனியைத் தொடங்கிய பில் நைட் அதே கல்லூரியில் கணக்குப் பதிவியல் சொல்லிக் கொடுத்து வந்தார். மணிக்கு 2 டாலர் கூலி என்று அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுத்தார்.

சப்பாத்தின் பக்கவாட்டில் போட ஒரு சின்னம் வேண்டும் என்று கேட்டார். அவர் சிலவற்றை வரைந்து காட்டினார். பில் நைட்டுக்கு எதுவும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை! வேறு வழி இல்லை, அவசரம். போகப் போகப் பிடித்துவிடும் என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டார். கரோலின் 35 டாலருக்குப் பில் கொடுத்தார்.

1983-ம் ஆண்டு கம்பெனி அவரை அழைத்து விருந்து வைத்தது. அந்தச் சின்னம் பொறித்த தங்க மோதிரம் கொடுத்தது. கம்பெனியின் பங்குகளும் கொடுத்தது.

இந்தக் கதையைச் சொல்லாத லோகோ வியாபாரி இல்லை. "பார்த்தீர்களா, 35 டாலரில் உலகப் புகழ்!" என்பார்கள். ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணை முதலாளி நேரில் பார்த்தார். எதிரில் உட்கார வைத்துப் பேசினார். 12 ஆண்டு கழித்துத் தேடிக் கூப்பிட அவருக்கு ஆள் தெரிந்திருந்தது. இன்டர்நெட்டில் வேலை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது.

பெயரிலேயே விலை

பைவர் கம்பெனி 2010-ம் ஆண்டு பிறந்தது. ஐந்து என்பதற்கு ஆங்கிலத்தில் "பைவ்". எந்த வேலையானாலும் 5 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 230 ரூபாய். இதுதான் அதன் விளம்பரம். பெயரும் அதில் இருந்து வந்ததே.

அந்த 5 டாலரில் வேலை செய்பவருக்கு 4 டாலர். கம்பெனிக்கு 1 டாலர். பிறகு விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆயிரம் டாலர் கேட்பவரும் உண்டு. ஆனால், அந்த ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாறவில்லை. நூற்றுக்கு இருபது கமிஷன்!

அந்தக் கமிஷன் சும்மா போகிறது என்று சொல்லிவிட முடியாது. முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரரிடம் முன்கூட்டியே பணத்தை வாங்கி வைப்பது கம்பெனி. அது இல்லாவிட்டால், "படம் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, படத்தையும் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு, விற்கிறவருக்கும் பாதுகாப்பு.

ஆனால், கட்டுப்பாடும் அதிகம். வாடிக்கையாளரிடம் தனியாகப் போன் நம்பர் வாங்கக்கூடாது. கம்பெனிக்கு வெளியே பேசி வேலை பிடித்தால், கணக்கையே மூடிவிடுவார்கள். வேலை முடிந்த பிறகும் பணம் கைக்கு வர பொதுவாக 14 நாள். எல்லாவற்றுக்கும் மேலே, நட்சத்திரம்! வேலை வாங்கியவர் ஐந்து நட்சத்திரம் போட்டால் பிழைத்தோம். ஒருவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாலும் அடுத்த வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கமாட்டார். அதற்குப் பயந்தே, "இன்னும் ஒரு சின்ன மாற்றம்" என்று எட்டாவது தடவை கேட்டாலும் செய்து கொடுக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண், ஒரு லோகோவுக்கு 50 டாலர் விலை வைத்திருக்கிறார். கமிஷன் 10 டாலர் போய்விடும். மீதி 40. வாடிக்கையாளருடன் பேச ஒரு மணி நேரம். யோசித்து வரைய நாலு மணி நேரம். திருத்தம் செய்ய மூன்று மணி நேரம். ஆக, எட்டு மணி நேரம். மணிக்கு 5 டாலர்! இதில் இருந்துதான் கரண்டுக் கட்டணம், இன்டர்நெட், கம்ப்யூட்டர் தவணை எல்லாம். வேலை வராத நாளுக்குக் கூலி கிடையாது.

நம் ஊர்ச் சம்பளத்தோடு பார்த்தால், அந்த ஐந்து டாலர் மோசம் இல்லை. மாதம் முழுவதும் வேலை வந்தால்! அந்த "வந்தால்"தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

விளையாட்டு வியாபாரம் ஆனது

இன்னொரு முறையும் இருக்கிறது. அது போட்டி முறை.

ஆஸ்திரேலியா நாட்டில் மெல்போர்ன் நகரம். அங்கே கம்ப்யூட்டர் ஓவியர்கள் சிலர் பொழுதுபோக்குக்காக ஒரு விளையாட்டு ஆடினார்கள். இல்லாத கம்பெனிக்குச் சின்னம் போட வேண்டும். யார் படம் நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் பார்த்த வியாபாரி ஒருவர், "எனக்கு உண்மையாகவே சின்னம் வேண்டும். ஜெயித்தவருக்குப் பணம் தருகிறேன்" என்று வந்தார். அடுத்து இன்னொருவர் வந்தார். விளையாட்டு வியாபாரமாகிவிட்டது! 2008-ம் ஆண்டு "99 டிசைன்ஸ்" என்று தனிக் கம்பெனியே தொடங்கினார்கள். 2020-ம் ஆண்டு அச்சுத் தொழில் செய்யும் "விஸ்டாபிரிண்ட்" அதை 9 கோடி டாலருக்கு வாங்கியது.

போட்டி எப்படி நடக்கிறது? சின்னம் வேண்டுபவர் பணம் கட்டுகிறார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு 299 டாலரில் தொடங்கியது. பல நாட்டு ஓவியர்கள் படம் போட்டு அனுப்புகிறார்கள். முப்பது படம் வரும். சில போட்டிகளில் நூறும் தாண்டும். பணம் கட்டியவர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அந்த ஒருவருக்குப் பரிசு.

மற்றவர்களுக்கு? ஒன்றும் இல்லை.

கல்யாண வீட்டுக்காரர் முப்பது சமையல்காரரை அழைத்து, எல்லோரையும் முழு விருந்து சமைக்கச் சொல்லி, ருசி பார்த்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் கூலி கொடுத்தால் எப்படி இருக்கும்? யாராவது அடுப்பு மூட்டுவார்களா? படம் போடுபவர்கள் மட்டும் மூட்டுகிறார்கள்! அமெரிக்காவில் உள்ள "ஏ.ஐ.ஜி.ஏ." என்ற ஓவிய வடிவமைப்பாளர் சங்கம், கூலி இல்லாமல் முன்கூட்டியே படம் போட்டுக் கொடுக்கும் இந்த வழக்கம் கூடாது என்று சொல்லி வந்திருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதமும் கேட்க வேண்டியதுதான். பெரிய படிப்பு இல்லை, பெரிய நகரத்தில் இல்லை, சிபாரிசு செய்ய ஆள் இல்லை. இப்படிப்பட்டவருக்குக் கதவு திறந்தது இந்தப் போட்டிகள்தான். படத்தைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். முகத்தைப் பார்த்து அல்ல.

நம் நாட்டில் நடந்த பெரிய சின்னப் போட்டியும் நினைவுக்கு வரும். ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு 2009-ம் ஆண்டு போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஜெயித்தவர் தமிழர். டி.உதயகுமார். மும்பை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 2010-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி மத்திய மந்திரிசபை அவருடைய குறியீட்டை ஏற்றுக்கொண்டது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். இன்று அந்தக் குறி இல்லாத கடைச்சீட்டு உண்டா?

அது நாட்டுக்காக ஒரு தடவை நடந்த போட்டி. தோற்றவருக்கும் பெருமை உண்டு. வயிற்றுப் பாட்டுக்கு வாரம் மூன்று போட்டியில் கலந்துகொண்டு, மூன்றிலும் தோற்பவரின் கதை வேறு.

எந்திரம் வந்தது!

ஐந்து டாலருக்குக் கீழே விலை போகாது என்று நினைத்தார்கள். போய்விட்டது!

முதலில் "கேன்வா" போன்றவை வந்தன. ஆஸ்திரேலியாவில் 2013-ம் ஆண்டு தொடங்கியது அது. தயாராக இருக்கும் படங்களில் பெயரை மாற்றி எழுதினால் போதும். ஓவியர் வேண்டாம். 2022-ம் ஆண்டுக்குப் பிறகு, வாயால் சொன்னாலே வரைந்து கொடுக்கும் செயற்கை அறிவு எந்திரங்கள் பரவின. "பச்சை நிறத்தில் ஒரு காப்பிக் கோப்பை, மேலே ஆவி" என்று சொன்னால், ஒரு நிமிடத்துக்குள் நாலு படம். கூலி இல்லை. கோபப்பட்டு ஒரு நட்சத்திரம் போட்டாலும் அது கவலைப்படாது.

இனிமேல் ஓவியருக்கு வேலை இருக்குமா?

வெறும் படம் போட்டுக் கொடுப்பவருக்கு இருக்காது. இதை மூடி மறைப்பதில் பயன் இல்லை. 5 டாலர், 10 டாலர் வேலைகளை எந்திரம் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த வேலையை நம்பிக் கம்ப்யூட்டர் கடனுக்கு வாங்கியவர்களுக்கு இது பெரிய அடி.

ஆனால், கடைக்காரருக்குத் தேவையானது வெறும் படம் அல்ல. எந்திரம் கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனதும்தான் சங்கதி தெரிகிறது. செல்போனில் பளபளவென்று இருந்த படம், பத்து அடி பிளெக்ஸ் போர்டில் கட்டம் கட்டமாக உடைகிறது. "ஓப்பன் பைல் கொண்டு வாருங்கள்" என்கிறார் அச்சகக்காரர். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத பைல் அது. சாதாரணப் படமாக வாங்கியவரிடம் அது இருக்காது. திரையில் தெரிந்த பச்சை, காகிதத்தில் மங்கிப் போகிறது. திரையில் நிறம் ஒளியால் வருகிறது. காகிதத்தில் மையால் வருகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது இல்லை. விசிட்டிங் கார்டில் சிறிதாக்கினால், கோப்பையின் ஆவி அழுக்குப் புள்ளிபோல் தெரிகிறது.

இதை விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அதே மாதிரிச் சின்னம் வேறொருவருக்கு ஏற்கனவே இருந்தால்?

டோக்கியோவில் நடந்த கூத்து

2020-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்துக்காக ஜப்பான் ஒரு சின்னம் வெளியிட்டது. 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் பெரிய விழா. கென்ஜிரோ சானோ என்ற பெயர் பெற்ற ஓவியர் போட்டது.

சில நாள்தான் ஆயிற்று. பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகர நாடக அரங்கத்துக்குச் சின்னம் போட்டவர், "இது என் படம்போல் இருக்கிறதே!" என்று கிளம்பினார். வழக்குத் தொடர்ந்தார். காப்பி அடிக்கவில்லை என்று சானோ உறுதியாக மறுத்தார். ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. செப்டம்பர் 1-ந் தேதி சின்னத்தைக் கைவிட்டார்கள்! மறுபடியும் போட்டி. இந்தத் தடவை பொதுமக்களும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். 14,599 படங்கள் வந்தன. 2016-ம் ஆண்டு ஏப்ரலில் நீலக் கட்டங்களால் ஆன சின்னத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு நாட்டு அரசாங்கமே நிற்கும் இடத்தில் இப்படி நடந்தது. பலகாரக் கடைக்காரர் எம்மாத்திரம்? போர்டு, பை, பெட்டி எல்லாவற்றிலும் அச்சடித்த பிறகு வக்கீல் நோட்டீசு வந்தால், லோகோவில் மிச்சப்படுத்திய பணம் எங்கே போகும்?

இந்தியாவில் பதிவான சின்னங்களை அரசின் வணிகச் சின்னப் பதிவு அலுவலக இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். காசு கிடையாது. சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. தனி ஆளும் சிறு தொழில் செய்பவரும் ஆன்லைனில் பதிவு செய்ய ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

கேன்வாவில் தயாராக உள்ள படத்தை வைத்து லோகோ செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக்கூடாது என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. ஏன்? அதே படத்தை எதிர்க் கடைக்காரரும் எடுக்கலாமே! செயற்கை அறிவு வரைந்த படத்திலும் சிக்கல் உண்டு. மனிதன் கை படாமல் எந்திரமே உண்டாக்கிய படத்துக்குக் காப்பிரைட் கிடையாது என்று அமெரிக்காவில் வாஷிங்டன் மேல்முறையீட்டுக் கோர்ட்டு 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

எழுத்தில் வாங்குங்கள்

மனிதரிடம் வாங்கினாலும் எச்சரிக்கை வேண்டும். பணம் கொடுத்துவிட்டால் படம் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுக் காப்பிரைட் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டால், ஐந்து ஆண்டுதான்! எந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால், இந்தியாவுக்கு மட்டும்தான்! பெரிய ஆன்லைன் கம்பெனிகள் இதைத் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. நண்பர் மூலம் நேரடியாக வேலை கொடுப்பவர்களும் வாங்குபவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரைப் பக்கக் காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் தொல்லை இல்லை. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள்வதும் நல்லது.

இந்தத் தொழிலில் நின்று பிடிப்பவர்கள் இப்போது பட வியாபாரம் பேசுவது இல்லை. கடைக்காரரிடம் முதலில் கேள்விதான் கேட்கிறார்கள். யார் வாங்க வருகிறார்கள்? போர்டு எவ்வளவு பெரிது? பையில் ஒரே நிறத்தில் அச்சடிப்பீர்களா? பக்கத்துத் தெருக் கடையின் மார்க் என்ன? இந்தக் கேள்விகளுக்கும், பதிவைத் தேடிப் பார்ப்பதற்கும், அச்சுக்கு ஏற்ற பைல் கொடுப்பதற்கும் சேர்த்து விலை சொல்கிறார்கள். தவறு வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கும் அந்த விலையில் பங்கு உண்டு. எந்திரத்தின் படம் மலிவு. பதில் சொல்ல அது வராது.

இன்னொரு புது வேலையும் வந்திருக்கிறது. கடைக்காரர் எந்திரத்திடம் படம் வாங்கிக்கொண்டு வருகிறார். "படம் தயாராக இருக்கிறது. அச்சுக்கு ஏற்ற மாதிரி சரி செய்து கொடுத்தால் போதும்" என்கிறார். திறந்து பார்த்தால், எழுத்துகள் கோணல். கோப்பைக்கு இரண்டு கைப்பிடி. எல்லாவற்றையும் முதலில் இருந்து திரும்ப வரைய வேண்டியிருக்கிறது.

"படம்தான் இருக்கிறதே, இதற்கு எதற்கு முழுக்கூலி?" என்று கேட்கிறார் கடைக்காரர். பேரம் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது.